ஃபேடர் கீழே இருந்தபோது

“...ரெண்டே மணி நேரம் பொறுத்துக்கோ நைனா. செங்கல்பட்டுல எறங்கிட்டானாம். உன் புள்ள வந்துகினு கீறான். அதுக்குள்ள உன்னத் தூக்கினு பூட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவன் எதுருல நிப்பேன்?”

இது என் மண்டைக்குள் கேட்டது. ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தெரியும், கிசுகிசுப்பு என்பது வெளியிலிருந்து வருகிற மாதிரியே இருக்காது. நம்முடைய நினைப்பே வாய் திறந்து பேசுகிற மாதிரி இருக்கும். நான் கையை மிக்ஸர் மேல் வைத்தபடியே உறைந்து உட்கார்ந்திருந்தேன். பேசியது ஒரு பெண்ணா ஆணா என்றுகூடப் பிடிபடவில்லை. மெதுவாகப் பேசும்போது தொண்டையின் நாதம் போய்விடுகிறது, மூச்சு மட்டும்தான் மிஞ்சும். மூச்சுக்கு ஏது ஆண், பெண்?

யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது மட்டும் தெரிந்தது. அந்த மைக் இருந்த இடம் ஒரு ஐஸ் பெட்டியின் தலைமாடு. பெட்டிக்குள் கிடந்தவர் முந்தின நாள் சாயங்காலமே இறந்துபோனவர்.

குரல் கொஞ்சம் நின்றது. பெட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடுகிற சத்தம். பூமாலையில் மொய்த்த ஒரு ஈ, மைக்கின் வலைமேல் வந்து உட்கார்ந்து நடந்தது. அது நடப்பது எனக்கு மாடு நடப்பதுபோலக் கேட்டது. பிறகு அந்தக் குரல், “சரி... சரி... இன்னான்ற?” என்றது. எதிராளி ஏதோ சொன்ன மாதிரி, அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி.

மத்தியானம் மூன்றரை மணி. நல்ல வெயில். எனக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் நின்றது.

திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊர் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வயலுக்கு நடுவே மனை விற்கிற ஆட்கள் வெள்ளைக் கல் நடத் தொடங்கியிருந்த சமயம். நானும் என் கூட்டாளியும் மைக்செட் வைத்திருந்தோம். காதுகுத்து, கோயில் கூழ், கட்சிக் கூட்டம், சாவு என்று எது வந்தாலும் போவோம். அன்றைக்குச் சாவு. இறந்தவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு விவசாயி. மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஒரு பெண், அணுபுரத்தில் பள்ளிக்கூட ஆயாவாக வேலை பார்த்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுத்தவன் ஒரு பையன்.

அந்தப் பையன் கதை சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவனுடைய சட்டை, பேண்ட், செருப்பு மூன்றும் மாமல்லபுரம் கடற்கரை மணலில் மடித்து வைத்தபடி கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. மீன்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். உடம்பு ஒதுங்கவே இல்லை. உடம்பு இல்லாமலேயே அந்தத் தகப்பன் தன் பிள்ளைக்குக் காரியம் செய்தார். பதினாறாம் நாளுக்கு மைக்செட் கட்டியதே நாங்கள்தான், அப்போது எங்களிடம் இருந்தது மூன்று குமிழ் வைத்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர்.

ஆக, வந்துகொண்டிருக்கிறான் என்று என் காதுக்குள் யாரோ சொன்ன அந்த மகன், ஊருக்குத் தெரிந்தவரை ஒன்பது வருஷத்துக்கு முன் கடலில் போனவன்.

வீடு அப்போது காலி. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் குளத்துக்கு மேளத்தோடு எல்லாரும் போயிருந்தார்கள். ஒப்பாரி பாடிய பெண்களும் மைக்கை அப்படியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போய்விட்டார்கள். நான் வீட்டுக்குப் பக்கவாட்டில் மாட்டுக்கொட்டகையில் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கூடம் தெரியாது. ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து போகிற கறுப்பு ஒயர் மட்டும் தெரியும்.

இந்த மிக்ஸரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் நான் செய்த காரியம் புரியும்.

மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு கடலோர ஹோட்டலைப் புதுப்பித்தபோது கழித்துக்கட்டிய சாமான் அது. எட்டு சேனல். ஒரு சேனலுக்கே மேலிருந்து கீழாகப் பத்துக்கு மேல் குமிழும் பொத்தானும். வீட்டுக்குக் கொண்டுவந்து துணியை விலக்கியதும் என் கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு, “மச்சான், இது மைக்செட்டு மாரி இல்ல. ஆப்ரேசன் தேட்டரு மாரி கீது. எதத் தொட்டா எது பூடும்னு தெரியாது” என்றான். அவன் பேச்சே அப்படி. மனிதர்கள் போகிறபோக்கில் சொல்வதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவன் சொன்னதையே எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தொட்டுத் தொட்டுத்தான் கற்றோம். ஒரு மைக்கைச் சொருகிவிட்டு அவன் “ஒண்ணு ரெண்டு மூணு” என்று தொண்டை காயக் கத்துவான், நான் ஒவ்வொன்றாகத் திருகுவேன். எட்டும் ஒன்றேதான், ஒன்றைத் தெரிந்துகொண்டால் எட்டும் தெரிந்த மாதிரி என்று புரியவே ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு பயம் விட்டது.

உச்சியில் இருப்பது கெயின். மைக்கிலிருந்து வருகிறதை எவ்வளவு உள்ளே இழுத்துக்கொள்வது என்று அது தீர்மானிக்கும். ஏற்றினால் ஈ நடப்பதும் கேட்கும், இறக்கினால் கத்தினாலும் கேட்காது. அதற்குக் கீழே கீச்சு, நடு, கனம் என்று மூன்று குமிழ், குரலின் நிறத்தை மாற்ற. கீழ்க்கோடியில் மேலும் கீழும் தள்ளுகிற கட்டை, அதுதான் ஃபேடர். உள்ளே இழுத்துக்கொண்டதில் எவ்வளவை வெளியே விடுவது என்பது அதன் வேலை. ஃபேடருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான், பி.எஃப்.எல். அதை அமுக்கினால் ஃபேடர் கீழே இருந்தாலும் ஹெட்போனில் மட்டும் அந்தச் சேனல் கேட்கும். ஊருக்குத் திறந்துவிடும் முன் நாம் மட்டும் கேட்டுப் பார்த்துக்கொள்ள.

அந்த மூன்று குமிழுக்கும் ஃபேடருக்கும் நடுவில் ஆக்ஸ் என்றொரு குமிழ். அது என்னவென்று எங்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கடைசியில் கூட்டாளிதான் கண்டுபிடித்தான். “இது கொல்லப்பக்கத்து வாசல் மச்சான். ஃபேடர் தெருவாசல். அங்க ஒரு ஆள அனுப்புறோம், இங்க ஒரு ஆள அனுப்புறோம். அவன் வேற ஸ்பீக்கர்ல போய்ப் பேசுவான்.” நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொல்லை வாசல் சாவுக்கு வெகு உபயோகம். அந்தப் பக்கத்து ஊர்களில் சாவு வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஏரிக்கரைச் சுடுகாட்டுப் பனைமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்வார்கள். ‘எடுக்கப் போறோம்’ என்று இங்கே மைக்கில் சொன்னால் அங்கே கட்டை அடுக்குகிறவர்களுக்குக் கேட்க வேண்டும், அவர்கள் தயாராக வேண்டும். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர். அதை ஆக்ஸில் கொடுத்திருந்தோம்.

காலையில் ஒரு தகராறு வந்தது. ஒப்பாரிப் பெண்கள் உணர்ச்சி வந்து ஓங்கிப் பாடும்போது நான் ஃபேடரை இறக்குவேன், குரல் கம்மினால் ஏற்றுவேன். கட்டை அடுக்குகிறவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, “யோவ் மைக்செட்டு, ஒரு தபா காத கிழிக்கிது, ஒரு தபா ஒண்ணும் கேக்கல. அங்க பேஜாராக் கீதுய்யா” என்றார். ஃபேடரை அசைத்தால் கொல்லை வாசலுக்குப் போகிறதும் சேர்ந்து அசைந்தது. ஆக்ஸ் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் இருந்தது. ‘ப்ரீ’ என்று எழுதியிருக்கும். கூட்டாளி அதைப் பேனா முனையால் அமுக்கினான். சரியாகிவிட்டது. நான் ஃபேடரை எப்படித் தள்ளினாலும் சுடுகாட்டில் ஒரே அளவாகக் கேட்டது. “பாத்தியா” என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனான். ஏன் சரியாயிற்று என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. சத்தம் சரியானால் போதும், அதுதான் எங்கள் படிப்பு.

தண்ணீர் எடுக்கப் போனவர்கள் போனதும் நான் நான்காவது சேனலின் ஃபேடரைக் கீழே முட்டும்வரை இறக்கினேன். மைக்கிலேயே உள்ள ஸ்விட்சை யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது எங்கள் வழக்கம், அதனால் மைக் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். ஐஸ் பெட்டி மோட்டாரின் இரைச்சல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க பி.எஃப்.எல். அமுக்கினேன். அப்போதுதான் அந்தக் கிசுகிசுப்பு.

ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்று செய்தேன். சரியாகக் கேட்கவில்லையே என்று கெயினை ஏற்றினேன். மேலும் ஏற்றினேன்.

பெட்டி மோட்டார் டக்கென்று நின்றது. அவ்வப்போது அப்படி நிற்கும், பிறகு தானே ஓடும். அது நின்றதும் வந்த நிசப்தத்தை நான் இதுவரை வேறெங்கும் கேட்டதில்லை. மூச்சுவிடாத ஒருவருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசலை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு ஒரு எடை இருந்தது. கண்ணாடி மூடியில் நீர்த்துளி சொட்டுகிற மாதிரி ஒன்று. ஊதுவத்திச் சாம்பல் உதிர்கிற மாதிரி ஒன்று. நாம் உற்றுக் கேட்கக் கேட்க அதுவும் நம்மை உற்றுக் கேட்பதுபோல் ஒன்று.

அதற்கு நடுவில் குரல் மறுபடி வந்தது. இப்போது தெளிவாக, என் நெற்றிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல.

“உன் புள்ள வந்துகினு கீறான். ஆறு வருசமா எனக்குத் தெரியும் நைனா. ஸ்கூல் ஆபீசு போனுக்குப் பேசுனான். திருப்பூர்ல பனியன் கம்பெனில கீறேன், யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா இந்தத் தபா நெஜமாவே கடல்ல எறங்கிடுவேன்னான். எம் புள்ள மேல சத்தியம் வாங்கிக்கினான். நீ அமாவாசைக்கு அமாவாசை மாமல்லபுரம் போய் அவனுக்கு எள்ளுந் தண்ணியும் எறச்சிட்டு வருவியே, அந்த எள்ளப் பொட்டலம் கட்டிக் குடுத்தது நான்தானே. ஒவ்வொரு தபாவும் வாய் வரைக்கும் வந்துச்சி. சொல்லல. நேத்து ராவே அவனுக்குப் போன் போட்டுட்டேன். அவந்தான் உனக்குக் கொள்ளி வெக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா.”

அப்போதுதான் எனக்கு அது அக்கா என்று உறைத்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லித் தண்ணீர் எடுக்கப் போகாமல் வீட்டிலேயே தங்கியிருந்தார். எல்லாம் விளங்கியது. காலையிலிருந்து அவர் செய்த ஒவ்வொன்றும் விளங்கியது. பெரியம்மா வரட்டும் என்றார். கோடி வேட்டி சரியில்லை, வேறு எடுத்துவா என்றார். ஐந்து மணிக்கு மேல் எடுக்கலாம் என்று அழுது அடம்பிடித்துச் சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தார். சித்தப்பா, அதாவது இறந்தவரின் தம்பி, காரியம் முழுவதையும் கையில் வைத்திருந்தார். மகன் இல்லாத வீடு என்பதால் கொள்ளி வைக்கத் தன் பிள்ளையை உட்கார்த்தி வைத்திருந்தார். அவர்களைப் பொறுத்தவரை அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்லி நிறுத்தலாம். சொன்னால், பெற்ற தகப்பன் உயிரோடிருக்கிற பிள்ளைக்கு எள் இறைப்பதை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் என்று ஊர் அவரை என்ன செய்யும்? சொல்லாமல் எப்படியாவது ஐந்தரை மணியைத் தொட்டுவிட வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

மேளச் சத்தம் குளத்துப் பக்கமிருந்து திரும்ப ஆரம்பித்தது. ஹெட்போனில் புடவை சரசரக்க யாரோ எழுந்து போவது கேட்டது. நான் அவசரமாகக் கெயினை இறக்கினேன், திருடியவன் கையைத் துடைத்துக்கொள்வதுபோல.

தண்ணீர்க் குடங்கள் வாசலுக்கு வருவதும், ஏரிப் பக்கமிருந்து அந்தக் கட்டை அடுக்குகிறவர் வருவதும் ஒன்றாக நடந்தது. இந்தத் தடவை சைக்கிள் இல்லை. ஓடியே வந்திருந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். வாய் குழறியது.

“கொழா பேசுது அண்ணாத்த. பனமரத்துல... கொழா பேசுது.”

“இன்னாடா ஒளர்ற?” என்றார் சித்தப்பா.

“மொதல்ல நாயி உறுமுற மாரி உர்ர்னு கேட்டுகினே இருந்துச்சி. டபக்குனு நின்னுது. அப்பால நைனா நைனான்னு ஒரு கொரலு. ஆம்பளயும் இல்ல, பொம்பளயும் இல்ல. வெறுங் காத்து. ‘உன் புள்ள வந்துகினு கீறான்’னுது. ‘கடல்ல எறங்கிடுவேன்’னுது. பயத்துல மத்தது எதுவும் காதுல ஏறல. நான் பொணம் எரிக்கிற எடத்துல பொறந்து வளந்தவன். எனக்கே கால் நிக்கல.”

குடம் வைத்திருந்த பெண்களில் ஒருத்தி, “ஐயோ, கடல்ல போனவன்...” என்று முணுமுணுத்தாள். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “யோவ் மைக்செட்டு. இங்கேர்ந்து எதனா பேசினீங்களா?”

“இல்லீங்க. மைக் மூடியிருக்கு. நீங்க தண்ணிக்குப் போனதுலேர்ந்தே மூடித்தான் வெச்சிருக்கேன்.”

சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். ஃபேடரைக்கூடத் தொட்டுக் காட்டினேன். “பாருங்க, முழுசா கீழ.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மைக் மூடியிருக்கும்போது பேசியது யார்? நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். உடம்பு கிடைக்காமல் காரியம் பண்ணினால் அடங்காது என்று அப்பவே சொன்னேனே என்றார் ஒருவர். அப்பனைக் கூட்டிப்போக வருகிறான் என்றார் இன்னொருவர். வந்து சேருவதற்குள் எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்துகொண்டு ஊரைப் படுத்தும் என்றது ஒரு குரல். சித்தப்பா துண்டை இடுப்பில் இறுக்கினார்.

“அஞ்சு மணியும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. தலயில ஒரு சொம்பு ஊத்து, கோடியப் போத்து, எடு. ஊம், மசமசன்னு நிக்காதீங்கடா.”

பச்சை மூங்கிலில் கட்டிய பாடை வாசலில் தயாராக இருந்தது. அதன்மேல் வைக்கோலை இன்னும் கொஞ்சம் பரப்பினார்கள். மேளக்காரர்களை அடிக்கச் சொன்னார்கள்.

வரட்டும் என்று அக்கா காத்திருக்கச் சொன்னார். வருகிறான் என்று கேட்டதாலேயே இவர்கள் அவசரப்பட்டார்கள்.

நான் கொட்டகைக்குள் போய் மிக்ஸர் முன்னால் நின்றேன். நான்காவது சேனலை மேலிருந்து கீழே பார்த்தேன். கெயின். கீச்சு, நடு, கனம். ஆக்ஸ், முக்கால் திறந்தபடி. அதன் பக்கத்தில் கூட்டாளி பேனா முனையால் அமுக்கிய குட்டிப் பொத்தான், உள்ளே போனது போனபடி. ஃபேடர் கீழே.

ப்ரீ. முன்னால். எதற்கு முன்னால்? ஃபேடருக்கு முன்னால்.

தெருவாசலை நான் தாழ் போட்டிருந்தேன். கொல்லை வாசல் திறந்தேதான் இருந்தது. தெருவாசல் எப்படி இருந்தாலும் கொல்லை வாசலுக்கு வித்தியாசம் தெரியாது, காலையில் அந்தப் பொத்தானை அமுக்கி நாங்கள் கேட்டதே அதுதானே. ஒவ்வொரு சொல்லும் ஒயர் வழியே ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. கேட்க ஆசைப்பட்டு நான் கெயினை ஏற்றினேனே, கெயின் இரண்டு வாசலுக்கும் முன்னால் இருப்பது. எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டதோ, அவ்வளவு தெளிவாகப் பனைமரத்திலும் பேசியிருக்கிறது. நான் ஒட்டுக்கேட்காமல் இருந்திருந்தால் அங்கே வெறும் உறுமல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

யாரோ பின்னால் வந்து நின்றார்கள். அக்கா. முகம் வெளுத்திருந்தது. என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“எல்லாத்தயுமா?”

நான் தலையாட்டினேன். பிறகு அந்தக் குட்டிப் பொத்தானைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கொல்லை வாசல், தெருவாசல் என்றே சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது? அவர் ஒரு தடவைதான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப பேய் பிசாசு இல்ல. நான் பேசுனதுதான்.”

“ஆமாங்க்கா. எந் தப்பு. ஒண்ணு பண்றேன், ரேடியோ ஸ்டேசன் எதனா ஒயர்ல மாட்டிக்கிச்சின்னு சொல்றேன். சில நேரம் நெஜமாவே அப்படி மாட்டும். உங்க பேரே வராது.”

“சொன்னா நிறுத்துவாங்களா?”

நான் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. “நிறுத்த மாட்டாங்கக்கா. ‘சரி, எப்படியும் எடுக்கறதுதானே, எடு’ம்பாங்க.”

உள்ளே கண்ணாடி மூடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. சித்தப்பா பையன் கைகளைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றான். அக்காவின் கையிலிருந்த செல்போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அவர் அதைப் படித்தார். “கேளம்பாக்கம் பஸ்ல நிக்கிறானாம். திருப்போரூர்ல எறங்கி ஆட்டோ புடிச்சா இன்னும் ஒண்ணரை மணி நேரம்” என்று, எனக்குச் சொல்வதுபோல் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

“எனக்கு இன்னா பயம் தெரியுமா தம்பி?” என்றார். “அடிப்பாங்கன்னு இல்ல. நைனாவ நெனச்சி அழ எனக்கு யோக்கியதை இல்லன்னு சொல்லிடுவாங்க. அதான்.”

நான் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மிக்ஸர் பக்கத்தில் வைத்தேன்.

அவர் மிக்ஸரைக் குனிந்து பார்த்தார். ஈர விரல் ஒன்று நான்காவது வரிசையின்மேல் நகர்ந்தது. “தெருவாசல்னியே, அது எது?”

“இதுக்கா. மேல தள்ளினா வூடு, தெரு, ஏரி, எல்லா எடத்துலயும் கேக்கும்.”

அவர் ஃபேடரை மேலே தள்ளினார். மெதுவாகத் தள்ளத் தெரியாது, ஒரே தள்ளாக உச்சிக்குத் தள்ளினார். ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒன்றாக வீலென்று ஊளையிட்டன. பாடை தூக்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். மேளம் நின்றது. கட்டை அடுக்குகிறவர் கையெடுத்துக் கும்பிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் கெயினைப் பிடித்துக் கொஞ்சம் கீழே கொண்டுவந்தேன். ஊளை அடங்கியது. அதற்குள் அக்கா கொட்டகையில் இல்லை.

ஒயர் இழுபடுவது தெரிந்தது. தலைமாட்டிலிருந்த மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி, ஒயர் எட்டும்வரை நடந்து வாசலுக்கு வந்தார். கிசுகிசுக்கவில்லை. முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல்.

“பேசுனது ஆவி இல்ல. நான். எந் தம்பி சாவல. ஆறு வருசமா எனக்குத் தெரியும், நைனாக்கு நான் சொல்லல. அவன் வந்துகினு கீறான். அவன் வர்ற வரைக்கும் யாரும் நைனாவத் தொடக் கூடாது.”

அதையே ஏரிக்கரைப் பனைமரமும் சொன்னது, கொஞ்சம் பின்தங்கி, வேறு யாரோ திருப்பிச் சொல்வதுபோல. கூட்டம் அந்தப் பக்கம் ஒருமுறை, இவரை ஒருமுறை பார்த்தது.

சித்தப்பாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. “அடிப் பாவி. உன்னப் பெத்ததுக்கு...” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல், “டேய், அவள இஸ்து அப்பால தள்ளிட்டுத் தூக்குங்கடா” என்றார்.

இரண்டு பேர் ஓரடி முன்னால் வந்தார்கள்.

அக்கா மைக்கைத் தரையில் வைத்தார். மூங்கில் பாடையின் கழியைத் தாண்டி, வைக்கோல்மேல், தகப்பனைக் கிடத்துவதற்காக வைத்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்போரூர் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.